பார்க்காமல் நின்றவர்கள்

முருகன் துணை

சேரப்பணஞ்சேரி
18-6-2025

ஷெர்லின் மிஸ் அவர்களுக்கு,

அன்று பள்ளி மைதானத்தில் இருந்தவர்கள்: குடியரசு தின அணிவகுப்புக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்கள், அவர்களுக்கு முன்னால் நின்ற என் மகள் கலைமதி, கேட்டருகே வாட்ச்மேன் அப்பாவு, சாலையோரம் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் நெல்லையப்பன், சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த எச்.எம். மேடம், பயிற்சி கொடுத்த பி.டி. மிஸ்ஸாகிய நீங்கள். நான் இல்லை. கலைமதியின் அப்பாவும் இல்லை, அவர் கம்பெனியில் இருந்தார்.

இப்படி வரிசையாக எழுதக் காரணம், இதில் உங்களைத் தவிர எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டேன் என்பதுதான்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். மறக்கும்படி நான் நடந்துகொள்ளவில்லை. உங்கள் கோபத்தைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை, அது உங்களிடமே இருக்கட்டும். போன் நம்பரை மாற்றிவிட்டீர்கள். ஒரகடத்தில் நீங்கள் குடியிருந்த மாடி ரூமின் சொந்தக்காரர் ஞானம்மா அக்காவிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். அவர் உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார்.

ஜனவரியில் மைதானத்தில் கலைமதிக்கு வந்த ஃபிட்ஸ் அதோடு போகவில்லை. வீட்டிலும் வந்தது. இங்கே கொடுத்த மாத்திரையில் பிள்ளைக்குத் தூக்கம்தான் வருகிறது, ஃபிட்ஸ் நிற்கவில்லை. சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "முதல்ல என்ன ஆச்சு? எந்தக் கை இழுத்துச்சு? தலை எந்தப் பக்கம் போச்சு? எவ்வளவு நேரம்?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் வரும்போதெல்லாம் நான் பார்ப்பது முடிவைத்தான். சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் ஆரம்பம் போய்விடுகிறது. "ஆரம்பத்தைப் பாத்தவங்க யாருன்னு தேடி, எழுதி வாங்கிட்டு வாங்கம்மா. அதை வெச்சுத்தான் மருந்தை மாத்தணுமா வேணாமான்னு பாக்கணும்" என்றார்.

தேடினேன். அப்பாவு சொன்னது: "இன்னான்னு சொல்றதும்மா, மரம் மாதிரி சாஞ்சிட்ச்சு. நான் சாவிக்கொத்த எடுத்துகினு ஓடியாரேன், கையில குட்த்தா நின்னுடும்னு. அந்த மிஸ்ஸு கிட்ட வராதன்னு கைய காட்டிச்சு." நெல்லையப்பன் பத்து நிமிஷம் என்கிறார். எச்.எம். அரை நிமிஷம் என்கிறார். பிள்ளைகளை ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். கலைமதியோடு ஒட்டிக்கொண்டே திரியும் பூஜா உட்பட எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "பாக்கல ஆன்ட்டி." யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போல.

பள்ளி திறந்துவிட்டது. கலைமதி ஒன்பதாம் வகுப்பில் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை. "ஸ்கூல்ல இருக்கும்போது வராதுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், சேத்துக்கறேன்" என்கிறார் எச்.எம். டாக்டரம்மாவிடம் சொன்னால், "மழை பெய்யாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டார். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கு எழுதித் தருவாராம். சொல்லிக் கொடுக்க ஒரு நர்ஸையும் அனுப்புவாராம். அதற்கு முன் ஆரம்பம் என்ன என்பது தெரிய வேண்டும்.

பிள்ளை போன வருஷப் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறார். மூன்று பேரும் ஒருவர் காலடி ஒருவருக்குக் கேட்காமல் நடக்கிறோம். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வந்தேன். பார்த்தவர்கள் வாயைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
காவேரி வசந்தகுமார்


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

கருங்கல்
2-7-2025

கலைமதியின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சில நாள் மேஜையிலேயே கிடந்தது. அப்பா எடுத்து வாசித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப அவியளுக்குத் தேவை வந்துட்டு, தேடுதாவ. நீ என்னத்துக்கு மக்களே பதில் எழுதணும்?" அவர் சொன்னதில் தப்பில்லை.

பிள்ளைக்காக எழுதுகிறேன். டாக்டர் கேட்டதற்கு மட்டும்.

கலைமதிதான் அணித் தலைவி. வரிசைக்கு முன்னால் நின்று கட்டளை சொல்பவள் அவள். "வலப்பக்கம் பார்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது, சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "எம்மா, நின்னுட்டே உறங்குதியா?" என்று நான் சத்தம் போட்டேன். அவள் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது, அந்தப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி. இடது கை விரல்கள் இழுத்தன. பிறகு முழங்கை. அதற்குப் பிறகுதான் விழுந்தாள். விழுந்தபின் இரண்டு கையும் இரண்டு காலும் வெட்டின. உதடு நீலமாகப் போனது. விழுந்ததிலிருந்து நிற்கும்வரை மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், எச்சில் வடிந்து போனது. வாயில் எதையும் வைக்கவில்லை. கண் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் இடது கையை அவளால் தூக்க முடியவில்லை.

டாக்டருக்கு வேண்டியது இதுதான்.

இனி எனக்கு வேண்டியது. "பிள்ளை துடித்துக்கொண்டிருக்கும்போது வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்." புகாரில் இருந்த இந்த வரியை எச்.எம். என் முன்னால் வைத்து, என்னையே வாசிக்கச் சொன்னார். அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே யார் யாரோ என்னைப் பற்றி எழுதியதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று வருடம் வேலை பார்த்ததற்கு ஒரு சான்றிதழ் கேட்டதற்கு, "புகார் இருக்கும்போது எப்படிம்மா?" என்றார். சான்றிதழ் இல்லாமல் இங்கே எந்தப் பள்ளியும் என்னை எடுக்காது.

இப்போது மாமாவின் கடையில் பேனாவும் ஜியாமெட்ரி பாக்ஸும் விற்கிறேன். எதிரில் ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலம் விசில் ஊதுவார்கள். அப்போது நான் ஸ்டாக் எடுக்கிற மாதிரி கடைக்குள்ளே போய்விடுவேன்.

பிள்ளை நன்றாக இருக்கட்டும். எனக்கு இதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஷெர்லின்


முருகன் துணை

சேரப்பணஞ்சேரி
24-7-2025

ஷெர்லின் மிஸ் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போட வேண்டுமென்றால் போடுங்கள்.

அந்தப் புகாரை எழுதியது நான்தான். அப்பாவுவும் நெல்லையப்பனும் சொன்னதை நானே பார்த்ததைப் போல எழுதினேன். இதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறேன். கடிதத்தில் அழுது உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் டாக்டருக்கான பக்கத்தை மட்டும் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா இரண்டு வாட்டி படித்தார். "யாரும்மா இது, நர்ஸா?" என்றார். பி.டி. மிஸ் என்றேன். "தலை திரும்பினதையும் கை இழுத்ததையும் இவ்வளவு தெளிவா யாரும் எனக்கு எழுதினதில்ல" என்றார். மூளையில் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பிப் பரவுகிறதாம், அதற்கு மாத்திரை வேறாம். மாற்றிக் கொடுத்திருக்கிறார். கிருத்திகைக்குப் பிள்ளையையும் பட்டினி போட்டு வந்தேன், அதையும் விடச் சொன்னார். பசியும் தூக்கமில்லாததும் இந்த நோய்க்கு ஆகாதாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். மாத்திரை மாறியதிலிருந்து இன்றுவரை வரவில்லை.

சொன்னபடி நர்ஸ் வந்தார். டீச்சர்கள், ஆயா, அப்பாவு, வேன் டிரைவர் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். பக்கத்தில் இருக்கிற பெஞ்சை நகர்த்த வேண்டும், பிடித்து அமுக்கக் கூடாது, ஒருக்களித்துப் போட வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கிற மருந்தை அடித்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும், தெளியும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அப்பாவு எழுந்தார்.

"இதுக்கு இம்மாம் பெரிய கிளாஸாம்மா? இரும்பு குட்த்தா நின்னுடும். எங்க வூட்டாண்டயே ஒர்த்தனுக்கு நின்னுகீது."

"அது தானாவே நிக்கும் ஐயா. நிக்கற நேரத்துல நீங்க சாவி குடுத்திருப்பீங்க."

"அப்போ சாவி?"

"சாவி கேட்டைத் தொறக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுவும் சிரித்தார். எச்.எம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "திங்கட்கிழமையிலேருந்து அனுப்புங்கம்மா" என்றார். கேட்டை விட்டு வெளியே வந்ததும் வல்லக்கோட்டை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவர் கம்பெனியில் மாதாமாதம் மாக் டிரில் நடக்கும். ஒருவர் அடிபட்டவராகப் படுப்பார், கழுத்தில் போர்டு மாட்டியிருக்கும். மற்றவர்கள் ஓடி வந்து தூக்குவார்கள். "காதால கேட்டதெல்லாம் நிக்காது மேடம், செஞ்சு பாத்தாத்தான் வரும். எங்க லைன்ல அப்டித்தான்" என்று எச்.எம்.மிடம் சொன்னார். எச்.எம்.முக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இவர் லீவு போட்டார். சூப்பர்வைசரிடம் கேட்டு மஞ்சள் ஜாக்கெட், விசில், போர்டு எல்லாம் வாங்கி வந்தார். "அடிபட்டவர்" என்று இருந்த போர்டில் வெள்ளைத் தாள் ஒட்டி "நோயாளி" என்று அவரே எழுதினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

டிரில் அன்று கலைமதி பள்ளிக்குப் போய் நான்காவது நாள். எல்லா வகுப்பும் ஹாலில். நோயாளியாக யார் படுப்பது என்ற பேச்சு வந்தது. யாராவது ஒரு டீச்சர் என்று இவர் நினைத்திருந்தார். எச்.எம். போர்டைக் கையில் எடுத்தார். "எப்படி வரும்னு கலைமதிக்குத்தானே தெரியும்? அவளே படுக்கட்டும். நெஜம் மாதிரி இருக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். கலைமதி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் எச்.எம்.மைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. போர்டை என் வீட்டுக்காரரே வாங்கி மாட்டிவிட்டார், கயிறு அவள் பின்னலில் சிக்கிக்கொண்டது, அதையும் எடுத்துவிட்டார். அவள் போய்ப் படுத்தாள். "கைய ஆட்டுக்கா, ஆட்டுனாத்தான ஃபிட்ஸு" என்று ஒரு சின்னப் பிள்ளை கத்தியது. ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் கையை ஆட்டினாள் மிஸ்.

பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. பெஞ்சை நகர்த்தினார்கள், ஒருக்களித்துப் போட்டார்கள், நேரம் பார்த்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. இவர் போர்டைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து கேட்டுக் கேட்டு ஓவர்டைம் வாங்கிக்கொள்கிறார். வீட்டில் இருக்கும் நேரம் தூக்கத்துக்குத்தான் சரியாக இருக்கிறது. நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நேற்று, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"எல்லாரும் என்ன ரெண்டு வாட்டி பாத்துட்டாங்கம்மா. நான் ஒரு வாட்டி கூட பாக்கல."

நான் அவள் தட்டில் ரசம் ஊற்றினேன்.

"ஷெர்லின் மிஸ்ஸுக்கு லெட்டர் போட்டியே. நான் அன்னிக்கு எப்டி இருந்தேன்னு கேட்டியா?"

டாக்டருக்கு வேண்டியதைத்தான் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பப் போவதும் போகாததும் இப்போது இதில்தான் வந்து நிற்கிறது. நான் எவ்வளவு சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள், நான் அங்கே இல்லை. எனக்காக வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள்.

காவேரி


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

கருங்கல்
5-8-2025

கலைமதி அம்மாவுக்கு,

கீழே இருப்பது கலைமதிக்கு. நீங்கள் முதலில் படித்துவிட்டு உங்கள் வார்த்தையில் சுருக்கிச் சொல்ல வேண்டாம். அவளை உட்கார வைத்து அப்படியே வாசியுங்கள்.

கலைமதி, மிஸ் எழுதுகிறேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று சொன்னாயாம். யார் பார்த்தார்கள் என்று நான் சொல்கிறேன், கேள்.

நீ முன்னால் நின்றாய். அணி முழுக்க உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீ நின்றதையும் விழுந்ததையும் பார்த்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு வெள்ளை யூனிஃபார்ம். விழுந்த கொஞ்சத்தில் அது நனைந்துவிட்டது. இந்த நோயில் எல்லோருக்கும் நடக்கிறதுதான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் ரோட்டில் வண்டிகள் போகின்றன, மாடியில் பையன்கள் வகுப்பு. நான் கத்தினேன்: "பிள்ளேளா, சுத்தி நில்லுங்க! எல்லாரும் வெளியப் பாத்துத் திரும்பு! ஒருத்தியும் உள்ளப் பாக்கப்பிடாது!"

திரும்பினார்கள். நீ பழக்கிய அணி அல்லவா, ஒரே சமயத்தில் திரும்பினார்கள். தோளோடு தோள் ஒட்டி, முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். உள்ளே நீயும் நானும் மட்டும். பூஜா உன் தலைக்குப் பின்னால் நின்றாள். அழுதுகொண்டே நின்றாள், தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் திரும்பவில்லை. அப்பாவு எட்டிப் பார்க்க வந்தபோது, "தாத்தா, போங்க அந்தாண்ட" என்று விரட்டியதும் அவள்தான். பாக்கல என்று உன் அம்மாவிடம் அவர்கள் எல்லோரும் சொன்னது பொய் இல்லை. நான் பார்க்கக் கூடாது என்றேன், அவர்கள் பார்க்கவில்லை.

எப்படி இருந்தாய் என்று கேட்டாய். முழுசாகச் சொல்ல என்னாலும் முடியாது. நீ நின்ற நேரத்திலிருந்து விழுந்தது வரை பார்த்தேன். உதடு நீலமானதையும் பார்த்தேன். அதற்குமேல் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டுமே, வாட்சில் வைத்தேன். ஒரு கை உன் தோளில் இருந்தது. முள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு, உனக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். நின்ற பிறகுதான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். தூங்கி எழுந்த பிள்ளை முகம். வேறு ஒன்றும் அதில் இல்லை. கண்ணைத் திறந்து நீ கேட்ட முதல் கேள்வி, "மிஸ், அணி கலஞ்சிட்ச்சா?" இல்ல பிள்ளே, நிக்குது என்றேன். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாய்.

அவ்வளவுதான். நான் பார்த்தது இவ்வளவுதான்.

இனி உங்களுக்கு. நர்ஸா என்று கேட்ட டாக்டரிடம் சொல்லுங்கள், எனக்கு முதலுதவி எல்லாம் பெரிதாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பது பி.டி. படிப்பில் ஒரு பக்கம் வரும். அது நினைவில் இருந்தது. நேரம் பார்த்தது அறிவினால் அல்ல. நீங்கள் புகாரில் எழுதியது முழுக்கப் பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு இத்தனை நாளாகத் தூக்கம் கெடுக்கிறது. வாட்சைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த போர்டு விஷயத்தை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தத் தகப்பன் பாவம்" என்றார். இந்தக் கடிதத்துக்கு அவரே போய் ஸ்டாம்ப் வாங்கி வந்தார்.

ஷெர்லின்


முருகன் துணை

சேரப்பணஞ்சேரி
12-9-2025

ஷெர்லின் மிஸ் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். படிக்காமல் வைத்திருந்து, அவளை உட்கார வைத்து வாசித்தேன். யூனிஃபார்ம் நனைந்தது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "படிம்மா" என்றாள். படித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், தூங்கிக்கொண்டிருப்பதாக நாங்கள் நினைத்த அவள் அப்பா உள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது. முடியும்வரை அப்படியே நின்றார்.

"அப்ப பூஜா கூட பாக்கலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டாள். சாயங்காலம் பூஜா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினாள். அங்கே இரண்டும் என்ன பேசின என்று எனக்குத் தெரியாது, பூஜா அவளைக் கொண்டுவந்து விட்டபோது இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

பள்ளிக்குப் போகிறேன் என்றாள், ஒரு நிபந்தனையோடு. டிரில் இன்னொரு வாட்டி நடக்க வேண்டும், அவள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எச்.எம். மேடம்தான் படுக்க வேண்டும். இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். இவர் ஷிஃப்ட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு என்கூட வந்தார். உள்ளே போய், "அன்னிக்கு போர்ட மாட்டுனது நான்தான் மேடம். தப்பு பண்ணிட்டோம்" என்று ஆரம்பித்து, அவள் கேட்டதை அப்படியே சொன்னார். எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "எந்தக் கிழமை வெச்சுக்கலாம்?" என்றார்.

நடந்தது மிஸ். புடவையைச் சுற்றி ஊக்குப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க, அந்த அம்மாள் ஹால் தரையில் படுத்தார். கையையும் ஆட்டினார். அப்பாவு ஓடி வந்து, "மேடத்த நானு தூக்கட்டா?" என்றார். "தூக்கக் கூடாது தாத்தா, கிட்ட வராதீங்க!" என்று நாலு பக்கமிருந்தும் குரல். பூஜா ஒருக்களித்துப் போட்டாள். கலைமதி நாற்காலியில் உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்தாள்.

"கலைமதி, போதுமாம்மா? எழுந்துக்கட்டுமா?" என்று படுத்தபடியே கேட்டார் எச்.எம்.

"இன்னும் கொஞ்ச நேரம் மேடம்."

அவள் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான் சிரித்துப் பார்க்கிறேன்.

போன வாரம் வகுப்பில் வந்துவிட்டது. கணக்கு பீரியட். எனக்குப் போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெஞ்சுகள் ஓரமாக இருந்தன, அவள் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், கணக்கு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற பிள்ளைகள் அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். பூஜா வெளியே வந்து, "ரெண்டு நிமிஷத்துல நின்னுட்ச்சு ஆன்ட்டி. மருந்து அடிக்க வேண்டியதே இல்ல. அவ எழுந்தா நாங்க பாத்துக்கறோம், நீங்க வூட்டுக்குப் போங்க" என்றாள். பெரிய மனுஷி மாதிரி.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். இடையில் ஒன்று வந்ததால் பயப்பட வேண்டாம் என்கிறார்.

நான் கேட்டது இதைத்தான். இதற்காகத்தான் நடையாக நடந்தேன். ஆனாலும் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது கால் வரவில்லை. அவளுக்கு வலிப்பு வந்து நான் பக்கத்தில் இல்லாமலே அது நல்லபடியாக முடிந்துவிட்டது. காலையில் அவள் போன பிறகு வீடு காலியாக இருக்கிறது. நான் மிக்ஸி போடுவதில்லை, அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது. சட்னியை அம்மியில் அரைக்கிறேன். விளக்கேற்றிக் கும்பிடும்போதும் மணி அடிப்பதை விட்டுவிட்டேன். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, உங்களிடம் எழுதுகிறேன்.

இத்துடன் எச்.எம். கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை வைத்த உங்கள் அனுபவச் சான்றிதழ் இருக்கிறது. நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன் என்று எழுதிக் கொடுத்துப் புகாரைத் திரும்ப வாங்கினேன். அதே வாட்ஸ்அப் குரூப்பிலும் அதைப் போடச் சொன்னேன், போட்டார்கள். இனி உங்கள் ஊரிலேயே எந்தப் பள்ளியிலும் நீங்கள் வேலை கேட்கலாம். நான் அடுத்துக் கேட்கப்போவதற்கு இது கூலி இல்லை. அது வேறு, இது வேறு.

கலைமதியை வகுப்பில் விட்டிருக்கிறார்கள், மைதானத்தில் விடவில்லை. பி.டி. பீரியட் வந்தால் அவள் ஆபீஸ் ரூமில் உட்கார வேண்டும். நீங்கள் போன பிறகு வந்தவர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை, அந்த இடம் காலியாகவே இருக்கிறது. "மத்த டீச்சருங்க கிரவுண்டுல அவளை வெச்சுக்கப் பயப்படறாங்கம்மா. அதுக்குன்னு ஒரு ஆள் வேணும். நான் கூப்பிட்டா ஷெர்லின் வராது. நீங்க எழுதிப் பாருங்க" என்றார் எச்.எம். ஞானம்மா அக்காவிடம் கேட்டேன், மாடி ரூமுக்கு இன்னும் ஆள் வரவில்லையாம். உங்களுக்குப் பயமாக இருந்ததை எழுதியிருந்தீர்கள். எனக்கும் தினமும் பயமாகத்தான் இருக்கிறது. பயமே இல்லாத ஒருவரை நான் தேடவில்லை.

இப்படி எழுதுவது கலைமதிக்குத் தெரியாது. தெரிந்தால் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வருவீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றாலும் ஒரு வரி போதும். காலாண்டு விடுமுறை முடிந்ததும் எச்.எம். வேறு ஆள் பார்க்க வேண்டும். அதற்குள் பதில் போடுங்கள்.

காவேரி